இரண்டு மெத்தைகளுக்கு நடுவே ஒரு கார்

"என் வீட்டுக்காரர் மெத்தைக்கடையில காரை நிறுத்திட்டாருங்க."

"கடை வாசல்லயா?" என்றாள் நாத்தனார்.

"உள்ள. ரெண்டு டபுள் மெத்தைக்கு நடுவுல."

"பரவாயில்லையே. நாங்க எல்லாம் மெத்தை வாங்கணும்னா நடந்துதான் போவோம்."

அண்ணி பேனாவால் மேஜையை ஒரு தட்டு தட்டினாள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனம் நான்கு விநாடிக்கு மேல் தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

சலவைக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் நிலையத்துக்கு முதலாளி அண்ணி. நாத்தனார் அவள் கணவரின் தங்கை. கல்யாணத்தோடு சேர்ந்து வந்த சொந்தம் என்பதால் வேலையை விட்டு நீக்க வழியில்லாத உதவியாளர். வாய்க்கு வாய் அவள் "அண்ணி, அண்ணி" என்றதில் ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தொலைத்தவர் போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நாலு மணிக்கு லைசென்ஸ் அதிகாரி விசாரணை வச்சிருக்கார்," என்றாள் அந்த அம்மாள். "இவர் வேணும்னே வந்து இடிச்சார்னு மெத்தைக்கடைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார். அது ருசுவாச்சுன்னா ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது. ஸ்கூலையும் மூட வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம்ங்க. ஒரு கோழியைக்கூட இடிச்சதில்ல."

"வேணும்னே இடிக்கக் காரணம்?"

"நடைபாதை முழுக்க மெத்தையா அடுக்கி வைக்கறார்னு போன மாசம் இவர் புகார் கொடுத்தார். அந்தக் கடுப்புலதான் வந்து இடிச்சார்னு அவர் சொல்றார்."

"நேத்து காலைல என்ன நடந்துச்சு மாஸ்டர்?"

மாஸ்டர் நிமிர்ந்தார். "எல்லாம் முறைப்படிதான் மேடம் செஞ்சேன். கண்ணாடியைப் பார்த்தேன். சிக்னல் போட்டேன். நிறுத்தினதும் கை பிரேக்கும் போட்டேன்."

"கடைக்குள்ள?"

"கடைக்குள்ளதான்."

"குடிச்சிருந்தீங்களா?"

"அந்த வார்த்தையே எங்க வீட்டுல கிடையாது!" என்றாள் மனைவி. "போலீஸ்காரங்க அங்கயே ஊதச் சொன்னாங்க. சைபர்."

"சைபர்," என்றார் மாஸ்டர், தொப்பியிடம்.

"பிரேக்?"

"மெக்கானிக் பார்த்துட்டான். உங்க வீட்டுக்காரரை விட பிரேக் நல்ல நிலைமைல இருக்குங்கறான்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. "கூட யார் இருந்தது?"

"வண்டி கத்துக்கற ஒருத்தர். பல் டாக்டர்."

நாத்தனார் இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நான் ஆபீசைப் பார்த்துக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க."

* * *

"பேஷண்ட் மட்டும்தான் உள்ள போகலாம்," என்றாள் பல் மருத்துவமனையின் வரவேற்பாளர்.

"இதோ பேஷண்ட்," என்று அண்ணி நாத்தனாரை முன்னால் தள்ளினாள்.

பல் டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. விளக்கை இழுத்து நாத்தனாரின் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டே சாட்சி சொன்னார்.

"வழக்கமா ஏழு மணிக்கு வாசல்ல ஹாரன் கேக்கும். நேத்து ஏழரை. கேட்டா, வண்டி ராத்திரி சங்கக் கட்டடத்துலயே நின்னுடுச்சு, போய் எடுத்துட்டு வர்றேன்னார். இன்னும் நல்லா திறங்க."

"எந்தச் சங்கம்?"

"டிரைவிங் சொல்லிக் கொடுக்கறவங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்காம். முதல்ல நான்தான் ஓட்டினேன். தெரு முனை தாண்டறதுக்குள்ள, 'டாக்டர், ரொம்ப வேகம், தள்ளுங்க, நான் காட்டறேன்'னு அவரே உக்காந்துட்டார். நான் அப்போ இருபதுல போய்ட்டிருந்தேன்."

"அவர்?"

"ஏழு."

"ஆஆ?" என்றாள் நாத்தனார்.

"ஏழுதான். அப்புறம் ஒரு லாரி பின்னாடி போய் நின்னார். அது நகரட்டும்னு பத்து நிமிஷம் காத்திருந்தோம். அந்த லாரிக்கு முன் சக்கரமே இல்ல. கழட்டிக் கீழ வச்சிருந்தாங்க."

"நீங்க சொல்லலயா?"

"சொன்னேன். 'பொறுமைதான் முதல் பாடம்'னார். நோட்டுல எழுதிக்கிட்டேன்."

"ஆ ஆஆ ஆ?"

"அப்புறம் என்னன்னு கேக்கறா," என்று அண்ணி மொழிபெயர்த்தாள்.

"துணிக்கடை வாசல்ல கோட்டு மாட்டின ஒரு பொம்மை. அது ரோட்டைத் தாண்டட்டும்னு வண்டியை நிறுத்தினார். அது வரல. இறங்கிப் போய், 'பயப்படாம வாங்கம்மா'ன்னு கையைப் பிடிச்சார். கை கழண்டு வந்துடுச்சு. மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு, கையைப் பத்திரமா பின் சீட்டுல வச்சுட்டு, மறுபடி வந்து உக்காந்தார்."

"டாக்டர், நீங்க ஏன் இறங்கி ஓடல?"

பல் டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். முகத்தில் கொஞ்சம் வெட்கம். "நாளன்னிக்கு எனக்கு டெஸ்ட்டு. இதெல்லாம் டெஸ்ட்டுல வரும் போலன்னு நினைச்சேன்."

"ஆள் எப்படி இருந்தார்? தூங்கி வழிஞ்சாரா?"

"அதுதான் இல்ல. ரொம்பத் தெம்பாப் பேசினார். 'ராத்திரி கால் வலி உயிர் போச்சு டாக்டர், இப்பப் பாருங்க, கால் இருக்கறதே தெரியல'ன்னார். பிரேக் மிதிக்கற ஆள் அப்படிச் சொன்னதும் எனக்கு லேசா பயம் வந்துச்சு. அப்புறம் வண்டி கொஞ்சம் கொஞ்சமா ஓரமாப் போச்சு. ரோடு நேராத்தான் போச்சு, நாங்கதான் கூடப் போகல. மெத்தைக்கடை ஷட்டர் திறந்திருந்துச்சு."

"கத்தினீங்களா?"

"கத்தினேனே! 'ஹாரன் இருக்கும்போது வாயை ஏன் கெடுத்துக்கறீங்க'ன்னு கேட்டார். சரிம்மா, வாயை மூடலாம். கீழ் வரிசையில ஒரு சொத்தைப் பல் இருக்கு."

தெருவுக்கு வந்ததும் நாத்தனார் தாடையைத் தேய்த்துக்கொண்டாள். "சாட்சி கேக்கப் போன இடத்துல எனக்குத் தீர்ப்பு சொல்லி அனுப்பறாங்க. எதாவது பிரயோஜனம் உண்டா அண்ணி?"

"ரெண்டு கேள்வி கிடைச்சுது. ஒண்ணு, கால் எப்படி ஒரே ராத்திரில சரியாச்சு? இன்னொண்ணு, கால் ஏன் வலிச்சுது?"

"மூணாவது கேள்வி, என் பல்லுக்கு யார் பதில் சொல்றது?"

* * *

மெத்தைக்கடைக்காரர் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி ஒரு மூலையில் குவித்திருந்தார். காரைப் போலீஸ் இழுத்துப் போய்விட்டது. இரண்டு மெத்தைகளும் நிறுத்திய வாக்கில் சுவரோரம் எதிரும் புதிருமாக இருந்தன.

"அளந்து பாருங்க!" என்றார் அவர். "இந்தப் பக்கம் ஒரு விரல்கடை, அந்தப் பக்கம் ஒரு விரல்கடை. புத்தி தெளிவா இல்லாதவன் இவ்வளவு நேரா நிறுத்துவானா? இது வஞ்சம்மா, வஞ்சம்!"

அண்ணி மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டே நடந்தாள். இடப்பக்க மெத்தையின் முன் ஓரத்தில் உறை கிழிந்திருந்தது. வலப்பக்க மெத்தையில் கிழிசல் இரண்டு அடி உள்ளே தள்ளி. மறுபடி இடப்பக்கம், இன்னும் இரண்டு அடி தள்ளி.

"நாத்தனாரே, இதுல மோதிப் பாரு."

"பல்லு போச்சு, அடுத்தது எலும்பா?" என்று முனகிக்கொண்டே நாத்தனார் ஓடிப்போய் இடப்பக்க மெத்தையில் தோளால் மோதினாள். ஸ்பிரிங் அவளைத் தூக்கி வலப்பக்க மெத்தையில் போட்டது. அது திருப்பி அனுப்பியது. மூன்றாவது மோதலில் நடுவில் வந்து, தள்ளாடி, நேராக நின்றாள்.

"பார்த்தீங்களா?" என்றாள் அண்ணி. "அவர் நேரா நிறுத்தல. கோணல்மாணலா வந்தவரை உங்க மெத்தை ரெண்டும் மாத்தி மாத்தித் தள்ளி நேரா நிறுத்திடுச்சு."

கடைக்காரர் மெத்தையைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். முகத்தில் கோபம் கரைந்து வேறு ஏதோ முளைத்தது.

"ஒரு காரையே நிறுத்துதா?"

"நிறுத்திடுச்சே."

"இதை அந்த அதிகாரி முன்னால சொல்லலாமா? பேப்பர்காரங்க யாராச்சும் வருவாங்களா?"

"நீங்களே சொல்லுங்க. உங்க சரக்கு."

"சொல்றேன். ஆனா ஒண்ணும்மா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "தெளிவா இருந்த ஆள் கோணலா ஏன் வரணும்? அதுக்கு ஒரு பதில் இல்லாம நான் புகாரை வாபஸ் வாங்க மாட்டேன்."

* * *

மணி இரண்டு. மாஸ்டரின் வீட்டில் கூடம், அடுப்படி, ஒரு படுக்கையறை. கூடத்துச் சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். நாத்தனார், 'இங்கே திரும்பக் கூடாது' என்ற படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில், திரும்பாமல் உட்கார்ந்தாள்.

"முந்தாநாள் ராத்திரி கால் வலிச்சுதா மாஸ்டர்?"

"உயிர் போச்சு மேடம்."

"என்ன பண்ணீங்க?"

"மாத்திரை போட்டேன்."

"என்ன மாத்திரை?"

"கால் மாத்திரை."

"நம்ம வீட்டுல ஏதுங்க கால் மாத்திரை?" என்றாள் மனைவி.

"உன் அலமாரில இருந்துச்சே. நீ தூங்கிட்டிருந்தே, எழுப்ப வேணாம்னு நானே எடுத்துக்கிட்டேன்."

படுக்கையறைக்குப் போய் ஒரு சின்னக் காகித உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார். நாத்தனார் உரக்கப் படித்தாள்:

"கால் மாத்திரை. படுக்கும் முன்."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யய்யோ! அது என் தூக்க மாத்திரைங்க!"

"கால்னு போட்டிருக்கே!"

"கால்னா கால் பங்குங்க! ஒரு மாத்திரையை நாலா உடைச்சு அதுல ஒரு துண்டு! உங்க குறட்டை தாங்காம டாக்டர்கிட்ட போய் வாங்கினது!"

"எத்தனை போட்டீங்க?" அண்ணியின் குரல் மாறியிருந்தது.

"ரெண்டு."

"எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு கால்லயும் வலிச்சுதே மேடம்."

நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள்.

"ரெண்டு மாத்திரைன்னா எட்டு கால். அண்ணி, இது சிலந்திக்குப் போடற அளவு."

அண்ணி உறையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். மருந்துக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் அலறினார்.

"ரெண்டு முழு மாத்திரையா? மறுநாள் பாதி நாளைக்கு அது உடம்புலதாங்க இருக்கும். கண்ணு பார்க்கும், மூளைக்குச் சேதி போய்ச் சேர நேரமாகும். இதுல மோசம் என்னன்னா, அந்த ஆளுக்குத் தான் ரொம்பத் தெளிவா இருக்கற மாதிரியே தோணும். போலீஸ்காரங்க ஊதச் சொல்ற மெஷினுக்கு மாத்திரையைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அது சாராயத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கும். ஆமா, அன்னிக்கு ராத்திரி அவர் குடிக்கலையே? ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு தூக்கி விடும். காலைல எழுந்ததே பெரிய விஷயம்னு ஆயிடும்."

போனை வைத்த அண்ணி, மாஸ்டரின் மனைவியைப் பார்த்தாள். "டாக்டர் எழுதின சீட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க. அதிகாரி கேப்பார்."

அவள் உள்ளே போனதும் அண்ணி நாற்காலியை மாஸ்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"உங்க சங்கக் கட்டடம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"வண்டியை அங்க விட்டுட்டு அஞ்சு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கீங்க. அதான் கால் வலி. வண்டி நல்லா இருக்கும்போது ஒரு மனுஷன் எதுக்கு நடக்கணும்?"

மாஸ்டர் தொப்பியைச் சுற்றினார். சுற்றினார். நிறுத்தினார்.

"குடிச்சுட்டு வண்டி ஓட்டறது தப்பு மேடம்," என்றார் மெல்ல. "இருபத்திரண்டு வருஷமா சொல்லிக் கொடுக்கறேன்."

"எத்தனை?"

"விஸ்கி. ரெண்டு."

"அதுவும் காலுக்கு ஒண்ணா?" என்றாள் நாத்தனார்.

"சங்கச் செயலாளர் ரிடையர் ஆறார்னு ஒரு விருந்து. வற்புறுத்தினாங்க. ஓட்டக் கூடாதுன்னு பொறுப்பா நடந்தே வந்தேன். ராத்திரி தூங்கியாச்சு, காலைல தெளிஞ்சாச்சு, ராத்திரி கணக்கு ராத்திரியோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நிஜமாவே தெளிவாத்தான் இருந்தேன் மேடம்! அந்த அம்மா ரோட்டைத் தாண்டப் பயந்தாங்க, நான்தான்…"

"அது பொம்மை மாஸ்டர்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க," என்றார் அவர், முழுக்க நம்பாமல்.

"வீட்டுல என்ன சொல்லியிருக்கீங்க?"

"சாலைப் பாதுகாப்புக் கூட்டம்னு. நடந்து வந்தது உடம்புக்கு நல்லதுன்னு."

"கேளுங்க. மாத்திரையை மட்டும் சொல்லிட்டு மிச்சத்தை முழுங்கினா, ஏன் நடந்தீங்கன்னு அதிகாரி ஒரு கேள்வி கேப்பார். அங்க ஒரு பொய் மாட்டினா மாத்திரையும் பொய்யாத் தெரியும். முழுசா சொன்னாத்தான் வேணும்னே இடிக்கலங்கறது நிக்கும். நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்க."

மாஸ்டர் படுக்கையறைக் கதவைப் பார்த்தார். பிறகு ஒரு நப்பாசையோடு கேட்டார்: "வேணும்னேதான் இடிச்சேன்னு ஒத்துக்கிட்டா என்ன ஆகும் மேடம்?"

"ஆயுசுக்கும் லைசென்ஸ் போகும்."

"ஆனா அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்காது, இல்ல?"

* * *

லைசென்ஸ் அதிகாரியின் அறையில் மின்விசிறி தாள்களை எல்லாம் கிளப்பிவிட, அவர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரப்பர் முத்திரையைக் கனத்துக்கு வைத்திருந்தார்.

மெத்தைக்கடைக்காரர் ஸ்பிரிங்கின் தரத்தைப் பற்றி ஆறு நிமிடம் பேசினார். அதிகாரி நிறுத்தச் சொன்ன பிறகும் இரண்டு நிமிடம் பேசினார். அண்ணி காகித உறையையும் டாக்டர் சீட்டையும் மேஜையில் வைத்து, மாஸ்டர் அஞ்சு கிலோமீட்டர் நடந்து வந்ததையும் கால் வலிக்கு மாத்திரை போட்டதையும் சொன்னாள். அதிகாரி உறையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"கால் மாத்திரை," என்றார். "எனக்கும் மூட்டு வலி உண்டு. நானும் போட்டிருப்பேன்." பிறகு நிமிர்ந்தார். "அன்னிக்கு வண்டியை விட்டுட்டு ஏன் நடந்தீங்க?"

மாஸ்டர் திரும்பிப் பின் வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். "உடம்புக்கு…"

"என்ன?"

"நல்லதுன்னு…"

"கால் வலிக்கிற அளவுக்கா? இது சரியா இல்லையே. புகார்ல இருக்கற மாதிரி, வேணும்னே செஞ்சதுன்னு எழுதிடட்டுமா?"

மாஸ்டரின் வாய், 'எழுதுங்க' என்று சொல்லப் போவது போல் குவிந்தது. நாத்தனார் அண்ணியின் கையைக் கிள்ளினாள். அண்ணி அசையவில்லை.

பின் வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. மனைவி எழுந்து நின்றாள்.

"சார், என் வீட்டுக்காரர் பொய்யே சொல்ல மாட்டார். அவர் உடம்புக்குன்னு சொன்னா உடம்புக்குத்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பி கீழே விழுந்தது.

"குடிச்சேன் சார்! ரெண்டு விஸ்கி! அதனாலதான் ஓட்டாம நடந்தேன். நடந்ததால கால் வலிச்சுது. வலிச்சதால மாத்திரை போட்டேன். காலைல சரியாயிடுச்சுன்னு நினைச்சு ஓட்டினேன். வேற ஒண்ணும் தெரியாது சார்!"

மெத்தைக்கடைக்காரர், "இதை முதல்லயே சொல்லியிருந்தா நானும் புகார் எழுதியிருக்க மாட்டேனே," என்று புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதிகாரி எழுதினார்: வேண்டுமென்றே செய்ததல்ல, ஆயுள் ரத்து இல்லை, ஸ்கூல் நடக்கலாம், மாஸ்டர் மட்டும் ஆறு மாதம் எந்த வண்டியையும் தொடக் கூடாது. "குடிச்சதும் மாத்திரையும் ராத்திரியோட போயிடாதுன்னு உங்க முதல் பாடத்துல சேர்த்துக்கோங்க," என்று முத்திரை குத்தினார். ஒரு தாள் பறந்தது.

காவல் நிலையத்திலிருந்து மீட்டு வந்த கார் வாசலில் நின்றது. மனைவி கையை நீட்டினாள். மாஸ்டர் சாவியைக் கொடுத்தார்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. லைசென்ஸ் வாங்கி பத்தொன்பது வருஷம் ஆச்சு. அப்புறம் ஒரு நாளாவது சாவியைக் கொடுத்தீங்களா?"

"அக்கா," என்று பின் சீட்டில் ஏறிய நாத்தனார் குனிந்து கேட்டாள், "நேத்து ராத்திரி நீங்க அந்த மாத்திரை?"

"தொடல. இவர் பயத்துல விடிய விடிய முழிச்சிருந்தார். குறட்டை இல்ல. நான் எட்டு மணி நேரம் தூங்கினேன்." அவள் கண்ணாடியைச் சரி செய்தாள். அதில் அண்ணியின் கண்கள் தெரிந்தன. "முந்தாநாள் கதவைத் திறக்கும்போதே வாடை வந்துச்சு. நானா கேட்டா மழுப்புவார். இவரா வாயைத் திறக்கணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். மாத்திரைக் கதை மட்டும்தான் எனக்கே புதுசு."

அண்ணி முதல்முறையாகச் சிரித்தாள். நாத்தனார் அவள் காதருகே சாய்ந்தாள். "அண்ணி, என் வேலை போகப் போகுதுன்னு நினைக்கறேன்."

"ஏம்மா," என்றார் மாஸ்டர், முன் சீட்டில் ஒடுங்கி, "அந்த ரெண்டு விஸ்கி விஷயம்…"

"இப்பப் பேசாதீங்க. ஓட்டும்போது பேசக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

கார் கிளம்பியது. அடுத்த முனையில் சிவப்பு விழாதா, அதற்கடுத்ததிலாவது விழாதா என்று மாஸ்டர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். அன்றைக்கென்று வழி நெடுக எல்லா விளக்கும் பச்சை.